மதிப்பெண் போட்ட விருந்துகள்: உங்களை இன்னும் விடாத ஒரு இரவைச் சொல்லுங்கள்

வெறுந்தட்டு

நாலு பேர், நாலு வீடு, ஆளுக்கொரு நாள் விருந்து வைப்பது, சாப்பிட்ட மற்றவர்கள் பத்துக்கு எத்தனை என்று சீட்டில் எழுதிப் போடுவது. முறை உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது வீடு. சூப் முடிந்ததும் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வரவே இல்லை. நாங்கள் மூவரும் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்து, அப்புறம் சுவரில் இருந்த படங்களைப் பற்றியும் பேசி முடித்துவிட்டோம். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் முழங்கையும் மேடைமேல் வரிசையாக நாலு தட்டும் தெரிந்தன. இறைச்சி வைத்தாயிற்று, சாஸும் ஊற்றியாயிற்று. ஈரத்துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாவதை முடித்துவிட்டு மறுபடி முதல் தட்டுக்கு வந்தார்.

மேஜைக்கு வந்தபோது சாஸின் மேல் மெல்லிய ஏடு படிந்திருந்தது. ஆறிப்போயும், அந்தச் சுற்றில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் சிறந்த சமையல். ஆனால் மனிதர் எங்களோடு உட்கார்ந்தது மொத்தமே பத்து நிமிஷம் இருக்கும். உட்கார்ந்த நேரத்திலும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, எங்கள் தட்டைத்தான் பார்த்தார்.

நான் 6 போட்டேன். போட்டி விருந்துக்குத்தானே, தட்டுக்கு இல்லையே. இன்றைக்குக் கேட்டாலும் அதே 6தான். இருந்தாலும் அந்தத் துணி சுற்றிய விரல் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

உப்புக்கல்

6 ரொம்பக் குறைவு என்பது என் எண்ணம். அது இருக்கட்டும், என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போட்டியில் இருந்தவர் என் அக்கா. நான் உதவிக்குப் போயிருந்தேன். யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது, யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று முன்கூட்டியே எல்லாரிடமும் கேட்டு எழுதி வைத்திருந்தார். ஒருவர் மட்டும் "எனக்கு எதுவானாலும் சரி" என்று பதில் போட்டிருந்தார். அன்றைக்கு முக்கிய உணவு காளான். அவர் முன்னால் தட்டை வைத்ததும் இரண்டு விரலால் தள்ளி, "காளான் நான் தொடமாட்டேனே" என்றார்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் முட்டையை உடைத்து ஊற்றினார். வாணலியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. ஆம்லெட்டைச் சிரித்த முகத்தோடு கொண்டுபோய் வைத்தார். தன் தட்டில் ஆறிக் கிடந்ததை யாருக்கும் தெரியாமல் ஓரம் வைத்துவிட்டார்.

சீட்டுகளைப் பிரித்தபோது அந்த ஆள் போட்டது 4. பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தார்: "மாற்று ஏற்பாடு செய்யவில்லை." அந்தச் சீட்டை அக்கா கிழித்துப் போட்டுவிட்டார். எனக்கு அந்தக் கையெழுத்துகூட மறக்கவில்லை.

கரண்டி_பிடி

அன்னாசி ஜெல்லி. வேகவைக்காத பச்சை அன்னாசியும் ஜெல்லியை உறையவைக்கிற ஜெலட்டினும் சேரவே சேராது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அன்னாசியில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது, ஜெலட்டினோ சுத்தப் புரதம். எத்தனை மணி நேரம் குளிரில் வைத்தாலும் உறையாது. டின்னில் வருகிற அன்னாசியைச் சூடுபடுத்தித்தான் அடைக்கிறார்கள், நொதி செத்துவிடும், அதனால் அதில் உறையும். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது.

அன்று மதியம் குழுவிலேயே நன்றாகச் சமைப்பவரைக் கூப்பிட்டு, "ஜெல்லியில் அன்னாசியைப் பச்சையாகவே போடலாமா, வேக வைக்க வேண்டுமா?" என்று கேட்டேன். "பச்சையாகப் போடு, வாசம் நன்றாக இருக்கும்" என்றார்.

இரவு எல்லார் முன்னாலும் அச்சைத் தட்டில் கவிழ்த்தேன். தூக்கினேன். மஞ்சள் தண்ணீர் தட்டு நிரம்பி, விளிம்பு தாண்டி, மேஜைவிரிப்பில் ஓடி, எதிரே இருந்தவர் மடிவரை போனது. பழத்துண்டுகள் மட்டும் தட்டில் நின்றன. எல்லாரும் துணி தேடி எழுந்தார்கள். மதியம் நான் யாரைக் கேட்டேனோ அவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "பச்சை அன்னாசியில் ஜெலட்டின் எப்படி உறையும்?"

தணல்

முதல் பதிவருக்கு. உங்கள் நண்பர் தட்டைத் துடைத்ததில் குற்றமே இல்லை, மெனுவில்தான் கோளாறு. நானும் ஒரு விருந்துக்குப் போனேன். ஒரே ஓவன், அதில் ஏற வேண்டியவை மூன்று. அந்த அம்மா ஓவன் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தபடியே அந்த மாலையைக் கழித்தார். உள்ளே எட்டிப் பார்த்தபோது அவர் முகத்தில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கிளம்பும்போதுதான் அவரோடு பேசவே முடிந்தது.

ஆகையால் விருந்து வைக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடைசி நிமிஷத்தில் கைபட வேண்டிய பண்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். முதல் சுற்று குளிர்ந்ததாகவோ, சூடுபண்ணினால் போதும் என்பதாகவோ இருக்கட்டும். இனிப்பை முந்தின நாளே முடித்துவிடுங்கள். இறைச்சியை மெல்லிய தீயில் நெடுநேரம் வேகும்படி வைத்தால் அரைமணி முன்னேபின்னே ஆனாலும் ஒன்றும் ஆகாது. பெரிய துண்டாக ஓவனில் வைத்தால், எடுத்த பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும், அதனால் கொஞ்சம் முன்பே எடுத்துச் சும்மா வைத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் போய் மேஜையில் உட்காருங்கள். கோழி என்றால் பேச்சே இல்லை, தடித்த இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள், நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.

தட்டுகளைச் சூடுபண்ணி வையுங்கள். அழகு பார்க்கிற ஆளாக இருந்தால் இது கட்டாயம், குளிர்ந்த தட்டில் சாஸ் சீக்கிரம் ஏடு கட்டும். சோற்றை முன்கூட்டியே வடித்து மேடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சில கிருமிகளின் வித்து கொதியிலும் சாகாது, மிதமான சூட்டில் முளைத்து நஞ்சைக் கக்கும், மறுபடி சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஒன்று சுடச்சுட வைத்திருங்கள், இல்லை பரப்பி ஆறவைத்துச் சீக்கிரம் குளிரில் வையுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் எதையும் வெகுநேரம் விடக்கூடாது.

முன்பின் செய்யாத பண்டத்தைப் போட்டி நாளில் முதல் தடவையாகச் செய்யாதீர்கள். உப்புக்கல், உங்கள் அக்காவுக்கும் ஒன்று: ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் சாப்பிடக்கூடியதாக ஒரு சின்னப் பண்டம் தனியாக வைத்திருந்தால் அந்த 4 வந்திருக்காது.

உப்புக்கல்

தணல், அக்கா முன்கூட்டியே கேட்டார். அந்த ஆள் "எதுவானாலும் சரி" என்றார். கேட்டு வைத்துச் சமைத்தவரிடம் ஏற்பாடு போதவில்லை என்று நீங்களும் சொன்னால், அந்தச் சீட்டில் எழுதியவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

வெறுந்தட்டு

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். வெப்பமானி, சூடான தட்டு எல்லாம் நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் என் நண்பருக்குச் சமையல் தெரியாமல் இல்லை. மதிப்பெண் என்று ஒன்று வந்ததும் எங்களைவிட அந்த விளிம்பு முக்கியமாகிவிட்டதே, அதைத்தான் எழுதினேன். போட்டி இல்லாத நாளில் அதே வீட்டில் சட்டியோடு நடுவில் வைத்து, ஆளாளுக்கு எடுத்துப்போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். அன்றைக்கெல்லாம் பேச்சு நிற்காது.

கடைசி_நாற்காலி

மதிப்பெண்ணை எங்கே, எப்போது போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த விளையாட்டைப் பலருக்குப் பழக்கிவிட்டது பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி 2005-இல் தொடங்கிய 'கம் டைன் வித் மீ'. அதில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் காரிலேயே ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் சொல்லிவிடுவார்கள். கடைசி விருந்து முடிந்த பிறகுதான் யாருக்கு எத்தனை என்பது வெளியே வரும். அந்த இரவின் சுவை அந்த இரவிலேயே பதிவாகிவிடுகிறது, அடுத்தவர் சொன்னதைக் கேட்டு மாற்ற முடியாது.

எங்கள் குழுவில் அப்படிச் செய்யவில்லை. எல்லா வீடும் முடிந்த பிறகு மொத்தமாக உட்கார்ந்து எழுதினோம். முதல் வாரம் விருந்து வைத்தவர் மாலை முழுக்க எங்களோடு உட்கார்ந்து, சிரிக்க வைத்து, கிளம்பும்போது ஆளுக்கொரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். எழுதும் நேரத்தில் அவர் என்ன சமைத்தார் என்பதே ஒருவருக்கு நினைவில்லை. "சூப் இருந்ததா?" என்று என்னிடம் கேட்டார். விருந்து வைத்தவர் எதிரிலேயே இருந்தார். "இருந்தது" என்று அவரே பதில் சொன்னார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு 5 என்று எழுதினார். எண்ணைக் கையால் மறைக்கக்கூட இல்லை.

வரிசையில் பிந்தி வருபவருக்குச் சற்றுக் கூடுதலாக விழும் என்பதை யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலும் பனிச்சறுக்கு நடனத்திலும் ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். பழகிய நடுவர்களுக்கே அப்படி என்றால் சாப்பிட்டு மறந்த நாம் எம்மாத்திரம்? முதல் வீட்டுக்காரர் கடைசி இடம். அதன்பின் எங்கள் கூட்டம் எதற்கும் அவர் வருவதில்லை. கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறார்.

வெறுந்தட்டு, உங்கள் 6 பற்றி: அன்று இரவே போட்டீர்கள் என்றால் அது நேர்மையான 6. விட்டுவிடுங்கள்.

தணல்

உப்புக்கல், மன்னிக்கவும், அக்காவைக் குறை சொல்ல நினைக்கவில்லை. கரண்டி_பிடி, உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்: அடுத்த தடவை அன்னாசியை நறுக்கிச் சில நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுங்கள், ஜெலட்டின் உறையும். பச்சையாகத்தான் வேண்டும் என்றால் கடற்பாசியில் எடுக்கிற அகர் அகர் போடுங்கள். அது புரதம் இல்லை, அன்னாசியால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

கரண்டி_பிடி

நன்றி தணல். அகர் அகரில் அதற்கப்புறம் செய்து பார்த்தாயிற்று, கத்தியால் வெட்டுகிற மாதிரி நிற்கிறது.

ஆனால் நான் எழுதியது ஜெல்லியைப் பற்றி இல்லை. அவருக்கு அன்று மதியமே தெரியும். அடுத்த வாரம் விருந்து அவர் வீட்டில். போனேன், சாப்பிட்டேன், எல்லாமே அருமையாக இருந்தது, 9 போட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கத்தான் போனேன். மேஜையில் மற்றவர்கள் இருந்ததால் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்திலேயே நின்றார், அப்போதும் வாய் வரவில்லை. இந்த மாதம் மறுபடி ஒரு சுற்று தொடங்குகிறார்கள், அவரும் இருக்கிறார். இந்தத் தடவை மேஜையில் எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறேன்.