ஒன்றரை டன் ஏசி: வருஷா வருஷம் கேஸ் குறைகிறது, உள்ளே தண்ணீரும் சொட்டுகிறது

மாடிவீடு:
வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிலிட், ஆர்32 கேஸ், காப்பர் காயில், வாங்கி நான்கு வருடம். மூன்றாம் வருடமும் இந்த வருடமும் மார்ச் மாத சர்வீஸில் "கேஸ் கம்மி" என்று சொல்லி நிரப்பினார்கள். இப்போது ஜூன், மறுபடியும் குளிர் இல்லை.

இப்போதைய நிலை: அவுட்டோரில் சின்ன பைப் வால்வு பக்கம் வெள்ளையாகப் பனி பிடிக்கிறது, பெரிய பைப் தொட்டால் சாதாரணமாக இருக்கிறது. சமையலறை தெர்மாமீட்டரில் உள்ளே இழுக்கும் காற்று 30 டிகிரி, வெளியே வரும் காற்று 25. ஓடி ஒரு மணி நேரம் ஆனதும் இன்டோரின் இடது ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஃபில்டர் போன வாரம்தான் கழுவியது.

கேஸ் தானாகவே குறையுமா? தண்ணீர் சொட்டுவது தனிப் பிரச்சினையா? சரி செய்வதா, புதிதாக வாங்குவதா?

கேஜ்செட்:
கேஸ் தானாகக் குறையாது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல அது; மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பத்து வருடம் ஆனாலும் கம்பெனியில் அடைத்த அதே கேஸோடு ஓட வேண்டிய மெஷின். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் நிரப்புவது பஞ்சரான டியூபுக்குக் காற்றடிப்பது போலத்தான். "வருஷா வருஷம் டாப்-அப் பண்ணணும் சார்" என்று ஒருவர் சொன்னால், அவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.

நீங்கள் எழுதிய அறிகுறி கேஸ் குறைவைத்தான் காட்டுகிறது. ஸ்பிலிட் ஏசிகளில் பொதுவாக கேப்பிலரியோ (மெல்லிய குழாய்) எக்ஸ்பான்ஷன் வால்வோ அவுட்டோருக்குள்ளேயே இருக்கும். அதைத் தாண்டியதும் கேஸின் அழுத்தம் விழுகிறது, சின்ன பைப் அங்கிருந்தே குளிரத் தொடங்குகிறது. கேஸ் போதுமான அளவு இருந்தால் இன்டோர் காயில் முழுவதையும் குளிர்வித்துவிட்டு, பெரிய பைப்பும் சில்லென்று வியர்த்தபடி திரும்பும். குறைவாக இருந்தால் காயிலின் முதல் சில வரிசையிலேயே எல்லாம் ஆவியாகிவிடும். மிச்ச காயில் சும்மா கிடக்கும், பெரிய பைப்பில் குளிர் இருக்காது. ஆர்32-இன் சக்ஷன் அழுத்தம் (கம்ப்ரஸருக்குத் திரும்பும் பெரிய பைப் பக்கத்து அழுத்தம்) சுமார் 100 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் அது கொதிக்கும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பனி அதனால்தான்.

இதே பனி பெரிய பைப்பிலும் சேர்ந்து பிடித்திருந்தால் கதை வேறு. அப்போது காற்றோட்டம் குறைவு என்று பொருள்: ஃபில்டர், புளோயர், காயில் அடைப்பு.

அழுத்தம் பார்ப்பதில் நடக்கிற தப்பு ஒன்று. மெஷினை நிறுத்திவைத்து கேஜ் போட்டு "265 காட்டுது, கேஸ் ஃபுல்" என்பார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே 30 டிகிரி வெயிலில் ஆர்32 அந்த அளவைத்தான் காட்டும், அரைக் கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும். ஓடும்போது பார்த்தாலும் இன்வெர்ட்டர் மெஷின் ஏமாற்றும்: கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றினால் சக்ஷன் ஏறித் தெரியும், வேகமாகச் சுற்றினால் இறங்கும். ரிமோட்டில் 16 வைத்து, டர்போ போட்டு, 15 நிமிடமாவது ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது நம் ஊர் வெயிலில் 120-இலிருந்து 150-க்குள் நின்றால் ஏறக்குறைய சரி. ஆனால் அதை வைத்து நிரப்பக் கூடாது. அவுட்டோரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். தராசில் சிலிண்டரை வைத்து அந்த எடைக்கு அடைப்பதுதான் முறை. பைப் நீளம் அதிகம் என்றால் மேனுவலில் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று போட்டிருப்பதைச் சேர்க்க வேண்டும். கால் இஞ்ச் லிக்விட் பைப்புக்கு வழக்கமாக 15 முதல் 20 கிராம்.

வருகிற மெக்கானிக்கிடம் மூன்று சாமான் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள்: நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்ப், தராசு. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

டிரெயின்பைப்:
தண்ணி விஷயத்துக்கு நான் வர்றேன். ரெண்டும் தனித்தனியாவும் இருக்கலாம், ஒண்ணாவும் இருக்கலாம்.

கேஸ் கம்மியானா காயில்ல ஒரு ஓரத்துல மட்டும் ஐஸ் கட்டும். அது உருகும்போது கட்டியா சரிஞ்சு டிரேவுக்கு வெளியே விழும். இன்னொண்ணு, காயில்ல பாதி ஈரமாவும் பாதி காய்ஞ்சும் இருந்தா, காய்ஞ்ச பக்கம் வழியா வர்ற வெதுவெதுப்பான காற்று புளோயர்ல பட்டு வியர்த்து, சொட்டுச் சொட்டா முன்னாடி தெறிக்கும். கேஸ் சரியானதும் இது தானா நிக்கும்.

ஆனா அதுக்கு முன்னாடி டிரெயினை ஒருதடவை பாத்துடுங்க, காசு செலவில்லாத வேலை. மெஷினை ஆஃப் பண்ணி, ஃபில்டரைக் கழட்டி, காயிலோட கீழ்ப்பக்கம் மெதுவா அரை லிட்டர் தண்ணி ஊத்துங்க. எலக்ட்ரிக் பெட்டி எந்தப் பக்கம் இருக்கோ (பெரும்பாலும் வலது) அதுக்கு எதிர்ப்பக்கமா ஊத்தணும். ஒரு நிமிஷத்துல வெளிய பைப் வழியா முழுசா வந்துட்டா டிரெயின் நல்லா இருக்கு. தேங்கினா அடைப்பு. தூசியும் ஈரமும் சேர்ந்து ஜவ்வு மாதிரி பாசி கட்டும். வெளிமுனையில வெட் வேக்கம் கிளீனர் வெச்சு உறிஞ்சினா ஒரே இழுப்புல வந்துடும். உள்ளேயிருந்து வெளியே ஊதலாம். வெளியேயிருந்து உள்ளே பலமா ஊதாதீங்க, அழுக்கு டிரேக்கு ஏறி பிசிபி (எலக்ட்ரானிக் போர்டு) மேல தெறிக்கும்.

அடைப்பு இல்லாமலே தண்ணி தேங்குறதுக்குக் காரணம் மூணு. ஒண்ணு, பைப் நடுவுல வயிறு மாதிரி தொங்கி மறுபடி மேல ஏறுறது. ரெண்டு, பைப் முனையை பக்கெட்டுக்குள்ள தண்ணியில முக்கி வெக்கிறது. காத்து அடைச்சுக்கும், தண்ணி இறங்காது. முனை எப்பவும் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும். மூணு, இன்டோரே டிரெயின் இல்லாத பக்கம் சாஞ்சிருக்கிறது. ரசமட்டம் வெச்சுப் பாருங்க. இடது ஓரம் சொட்டுதுன்னா எனக்கு இந்த மூணாவது மேலயும் ஒரு கண்ணு.

சென்னை ஈரக்காத்துல ஒன்றரை டன் மெஷின் மணிக்கு ஒண்ணுலேருந்து ரெண்டு லிட்டர் வரைக்கும் தண்ணி விடும். ராத்திரி பூரா ஓடுற வீட்டுல சின்ன சாய்வு தப்பும் சுவரை நனைச்சுடும்.

பிளீச்சிங் பவுடர் கரைசல், ஆசிட் எதையும் டிரேயில ஊத்தாதீங்க. பாசி போகும், கூடவே அதோட ஆவி காப்பரையும் தின்னும்.

கேஜ்செட்:
கடைசி வரியை அப்படியே வழிமொழிகிறேன். அதோடு, சோதனை ஒன்று நீங்களே செய்யலாம், மாடிவீடு. பாத்திரம் கழுவும் லிக்விடைக் கெட்டியாகத் தண்ணீரில் கலந்து, பிரஷ்ஷால் அவுட்டோரின் இரண்டு வால்வு, இரண்டு ஃபிளேர் நட் (விரித்த குழாய் முனையை இறுக்கும் நட்), சர்வீஸ் போர்ட்டுக்குள் (கேஜ் மாட்டும் வாய்) இருக்கும் ஊசி போன்ற பின் எல்லாவற்றிலும் தடவுங்கள். மெஷின் நின்றிருக்கும்போது செய்தால்தான் பெரிய பைப் பக்கமும் அழுத்தம் முழுசாக இருக்கும். குமிழ் வருகிறதா என்று ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். மெதுவாகக் கசிகிற இடத்தில் நுரை மாதிரிதான் வெள்ளையாகத் திரளும். எண்ணெய்க் கறை எங்காவது தெரிகிறதா என்றும் பாருங்கள். கேஸ் போகிற வழியில் கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் போகும், அதில் தூசி ஒட்டிக் கறுக்கும்.

சர்வீஸ் போர்ட்டின் பித்தளை மூடி இருக்கிறதா? பல வீடுகளில் அது தொலைந்திருக்கும். அது அலங்காரத்துக்கு அல்ல. உள்ளே இருக்கும் பின் லேசாகக் கசிந்தாலும் தடுத்து நிறுத்துவது அந்த மூடிதான்.

மாடிவீடு:
பார்த்தேன். அவுட்டோரில் குமிழ் எங்கும் இல்லை, மூடிகள் இருக்கின்றன. டிரெயின் சரியாகப் போகிறது, ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்கிறது. இன்டோர் மூடியைக் கழற்றினால் காயிலின் இடது முனையில் வளைவுக் குழாய்கள் இருக்கும் இடத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. அதே இடத்தில் காப்பரும் கறுத்திருக்கிறது. பற்றவைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். போதுமா?

உப்புக்காற்று:
எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடம்தான் ஓட்டை. ஆனால் அந்த ஓர் ஓட்டையோடு முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கடலோரத்தில் உப்பு முதலில் தாக்குவது அவுட்டோரை: அலுமினிய ஃபின் (காயிலின் மெல்லிய தகடுகள்) மாவாக உதிரும், தகரம் துருப்பிடிக்கும். இன்டோர் காப்பரில் ஓட்டை விழுவதற்கு வேறு காரணங்கள் அதிகம். கழிவுநீர்க் கால்வாய் பக்கமிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காப்பரைக் கறுக்கவைக்கும். கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளில் இது நிறைய. பழைய வெள்ளி நகை கறுப்பதும் இதே வேலைதான். இன்னொரு வகை, ஃபார்மிக், அசிட்டிக் அமில ஆவிகளால் வருவது. புது பிளைவுட், பெயின்ட், பசை, சில தரை கிளீனர்களிலிருந்து கிளம்பும் ஆவி காயிலின் ஈரத்தில் கரைந்து, எறும்புப் புற்று போல உலோகத்துக்குள்ளேயே கிளைகிளையாகத் துளைக்கும். கண்ணுக்குத் தெரிவது ஊசிமுனைப் புள்ளி மட்டும். இந்த வகையில் ஒன்றை அடைத்தால் இரண்டு மாதத்தில் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

எனவே முடிவெடுக்கும் முறை இது. இன்டோரைக் கழற்றி, காயிலைத் தனியாக நைட்ரஜன் அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கச் சொல்லுங்கள். குமிழ் ஓரிடத்தில், அதுவும் வெல்டிங் இணைப்பில் வந்தால் பிரேசிங் (டார்ச்சால் பற்றவைப்பது) போதும், பல வருடம் தாங்கும். குழாயின் நடுப்பகுதியில் வந்தாலோ, இரண்டு மூன்று இடத்தில் வந்தாலோ காயிலை மாற்றுவதுதான் வழி. நான்கு வருட மெஷினுக்கு, கம்ப்ரஸர் நன்றாக இருக்கும்போது, காயில் மாற்றுவது வீண் செலவு அல்ல. எட்டு, ஒன்பது வருடம் என்றால் நானே புதிதாக வாங்கச் சொல்லியிருப்பேன்.

வாரண்டி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "பத்து வருட வாரண்டி" என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். காயிலுக்கு என்ன என்பது சின்ன எழுத்தில் இருக்கும்.

புதுக் காயில் போட்டதும் செய்ய வேண்டியது: வீட்டுத் தரைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவும்போது ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அவுட்டோரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைக்கொண்டு கழுவாமல் விடுவதே மேல். ஜெட் பம்பைப் பக்கத்தில் வைத்து அடித்தால் ஃபின் மடங்கி காற்று போகாது.

பழைய_ஜன்னல்:
இடையில் ஒரு சந்தேகம். கேஸ் கம்மியாக இருந்தால் 18-இல் வைத்து ஓட்டினால் சமாளிக்கலாமா?

டிரெயின்பைப்:
வேண்டாங்க. ரிமோட்ல 18 வெச்சா குளிர் அதிகமாகாது, மெஷின் நிக்கிறது தான் தள்ளிப்போகும். கம்ப்ரஸரைக் குளிர வைக்கிறதே திரும்பி வர்ற கேஸ்தான். கேஸ் கம்மியா இருக்கையில ஓயாம ஓட்டினா கம்ப்ரஸர் சூடாகி, ஆயில் கருகி, அதுவும் போயிடும். சரிபண்ற வரைக்கும் ஃபேன்தான்.

கேஜ்செட்:
மாடிவீடு, வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை.

ஆர்32 லேசாகத் தீப்பற்றும் வகை. டார்ச்சைப் பற்றவைக்கும் முன் சிஸ்டத்தில் மிச்சக் கேஸ் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. ஜன்னல் கதவு திறந்திருக்கட்டும், அடுப்பும் ஊதுவத்தியும் அணைந்திருக்கட்டும். பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே கறுப்புப் பொருக்கு கட்டி, பிறகு உதிர்ந்து கேப்பிலரியை அடைக்கும்.

ஃபிளேரைப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள், பழையதை மறுபடி முறுக்க வேண்டாம். டார்க் ஸ்பேனர் இருந்தால் கால் இஞ்ச் நட்டுக்குச் சுமார் 16 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்குச் சுமார் 55. பலசாலிகள் முறுக்கிப் பிளந்த நட்டுகள்தான் நிறைய.

அடுத்து நைட்ரஜன் டெஸ்ட். 350, 400 பிஎஸ்ஐ ஏற்றி ஒரு மணி நேரமாவது முள் அசையாமல் நிற்க வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று ஆக்சிஜன் அடைத்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். ஏசியின் கம்ப்ரஸரையே காற்றடிக்க ஓட்டுவதும் அதே ஆபத்துதான்.

பிறகு வேக்கம். பம்ப் அரை மணியாவது ஓடி, மைக்ரான் கேஜில் (வேக்கம் அளக்கும் மீட்டர்) 500-க்குக் கீழே வர வேண்டும். வால்வை மூடிப் பத்து நிமிடம் விட்டால் 1000-க்குள் நிற்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஓட்டை இருக்கிறது; கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம். கேஸை லேசாகத் திறந்து "காத்தைத் தள்ளிட்டேன் சார்" என்பது இந்த மெஷினுக்கு ஒத்துவராது. ஆர்32 கம்ப்ரஸரில் இருக்கும் ஆயில் பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சும், அமிலமாக மாறும், உள்ளிருந்தே மோட்டாரின் வைண்டிங்கை அரிக்கும்.

கடைசியாகத் தராசு. எடை அடைத்த பிறகு டர்போவில் 15 நிமிடம் ஓட்டி அதே தெர்மாமீட்டரை வையுங்கள். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் வந்தால் பணம் கொடுக்கலாம். அடைத்த கிராமும் தேதியும் பெயர்ப்பலகை பக்கத்திலேயே மார்க்கரால் எழுதிவிடச் சொல்லுங்கள்; அடுத்து வருகிறவர் கதை விட முடியாது.