டிஷ்வாஷரில் போட்ட பழைய பாத்திரம் கறுத்துவிட்டது, அவசரம்

மாடிவீடு: அம்மா நாளை காலை ஊரிலிருந்து வருகிறார். அவர் கொடுத்த பழைய பாத்திரத்தை டிஷ்வாஷரில் போட்டேன், கறுத்துப்போய் வெளியே வந்திருக்கிறது. தொட்டால் கையில் கரி ஒட்டுகிறது. எப்படிச் சரி செய்வது? ஈயச்சொம்பும் வெங்கல உருளியும் அடுத்த லோடுக்கு உள்ளே வைத்தாகிவிட்டது, ஓட்டலாமா?

ரசப்பொடி: என்ன பாத்திரம்? பித்தளையா, வெள்ளியா, அலுமினியமா? முதலில் அந்தச் சொம்பை வெளியே எடுங்கள்.

குழாயடி: போர் தண்ணீரா? அதுதான் காரணம். எங்கள் வீட்டு டம்ளர் எல்லாம் பூத்துப்போய்விட்டது. மெஷினுக்கு உப்பைக் கூடப் போடுங்கள்.

ரசப்பொடி: தூளா, மாத்திரையா? எத்தனை டிகிரியில் ஓட்டினீர்கள்?

பழையபாக்கம்: இதற்கு ஏற்கெனவே விளக்கமாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. குழாயடி, அந்த உப்பு மெஷினுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பிசினைப் புதுப்பிக்க மட்டும்தான். தவிர, உப்புத் தண்ணீர் படிந்தால் வெள்ளையாகத்தானே இருக்கும்? கையில் கரி ஒட்டுகிறது என்றால் அலுமினியம். டிஷ்வாஷர் தூளில் சோடியம் கார்பனேட் மாதிரிக் காரம் அதிகம், அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தை அரித்துவிடும். மெஷினோடு வரும் புத்தகத்தை ஒருமுறை புரட்டினால் தெரியும்.

மாடிவீடு: இட்லித் தட்டு. அலுமினியம்தான்.

ரசப்பொடி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பெரிய ஸ்டீல் பாத்திரத்தில் தட்டு முங்கத் தண்ணீர் விட்டு, எலுமிச்சையளவு புளி கரைத்துக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் நாரால் தேய்த்தால் கறுப்பு போகும். பழைய பளபளப்பு முழுசாக வராது.

அரைநெல்லி: சொம்பு மெஷின் சூட்டில் உருகிவிடும். எங்கள் வீட்டில் காலியாக அடுப்பில் வைத்து, அப்படியே வழிந்து பர்னர் அடைத்துக்கொண்டது.

பழையபாக்கம்: அடுப்பும் மெஷினும் ஒன்றா? வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும், வீட்டு மெஷின் 70 பக்கம்தான் போகும். உருகாது. காரத்தில் மங்கும், பக்கத்துப் பாத்திரம் இடித்தால் நசுங்கும். அதனால்தான் போடக்கூடாது.

அரைநெல்லி: வெள்ளீயம் என்று பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்? காரீயம் கலந்ததும் கடையில் வருகிறது. புளிப்பு பட்டால் அது ரசத்தில் இறங்கும், குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும்.

ரசப்பொடி: எங்கள் பாட்டி கடைசிவரை ஈயச்சொம்பில்தான் ரசம் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

அரைநெல்லி: பாட்டி சொம்பு சுத்தமாக இருந்திருக்கும். இப்போது வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் உரசிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் வேண்டாம்.

பழையபாக்கம்: தாளில் கோடு விழவில்லை என்பதற்காகக் காரீயம் இல்லை என்று ஆகிவிடாது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும்.

ரசப்பொடி: அப்படியானால் ரசத்தையே விட்டுவிடலாம், சரிதானே?

மாடிவீடு: புளி வேலை செய்தது, முக்கால்வாசி போய்விட்டது. சொம்பை எடுத்துவிட்டேன். நன்றி.

குழாயடி: உருளியையும் எடுத்தீர்களா?

குழாயடி: மாடிவீடு?