புதுப்பிப்பு: உலர்த்தும் மெஷினா, டவுனில் கடையா?

ஆகஸ்டில் கேட்டிருந்தேன்: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம், கையில் 3 லட்சம், உலர்த்தும் மெஷின் வாங்குவதா, திருநெல்வேலி டவுனில் கடை பிடிப்பதா என்று. ஆளுக்கொன்று சொன்னீர்கள். ஒருவர் மட்டும் "எதில் போட்ட காசு திரும்பாதுன்னு முதல்ல பாருங்க அண்ணாச்சி" என்றார். அதுதான் உறைத்தது.

கடைக்குப் போடும் அலமாரி, போர்டு எல்லாம் போனது போனதுதான். மெஷினை விற்றால் பாதியாவது வரும். ஆனால் மழையை யார் கண்டது? 2023 டிசம்பர் 17, 18 மாதிரி கொட்டினால் மெஷின் தெய்வம். ஐப்பசியிலும் வெயிலடித்தால் வெறும் இரும்பு. அதனால் பழைய மெஷின் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். டவுனில் இரண்டு பலசரக்குக் கடைகளில் பாக்கெட் வைத்தேன், விற்றால் காசு. மழைக்காலத்தில் 10 நாளுக்கு மேல் வெயில் இல்லாமல் போனால் மெஷினை வாங்குவது என்று புரட்டாசியிலேயே காலண்டரில் எழுதியும் வைத்தேன், பின்னால் மனசு மாறக் கூடாதென்று.

முதல் வாரமே சொதப்பல். சூடு கூடி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்னல இது, வெயில்ல காஞ்ச மாதிரியா இருக்கு? கோவத்துல காஞ்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். இப்போது சூட்டைக் குறைத்து, லேசான ஈரப்பதத்திலேயே எடுத்துவிடுகிறோம்.

கார்த்திகை முடிவதற்குள் 13 நாள் வெயிலில்லை. மெஷின் இல்லையென்றால் அவ்வளவும் பூசணம்தான். டவுனில் பிரண்டை அப்பளம் மட்டும் ஓடுகிறது, சாதா அப்படியே திரும்பி வந்தது. சரி, மெஷினுக்கு விலை பேசியாச்சு, கடை இப்போதைக்கு இல்லை. பிரண்டை மொத்தமாகத் தருபவர்கள் அம்பாசமுத்திரம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.