மறு: ‘ஸ்டாண்ட்பை’ மின்சாரத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். அணைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் கருவிகள் இழுத்துக்கொண்டிருக்கும் மின்சாரத்துக்குத்தான் சொல் தேடுகிறோம்.

> அலுவலகத்தில் சுவிட்சுப் பலகைக்கு மேல் ஒட்டப்போகும் ஒரு பக்க வழிகாட்டிதானே. ‘காத்திருப்பு மின்சாரம்’ என்று போட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் என்னவென்று புரியும்? காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்மேல் யாருக்கும் கோபம் வராது, பாவம் என்றுதான் தோன்றும். ராத்திரி முழுக்க வீணாகும் யூனிட்டுக்கு இவ்வளவு சாதுவான பெயரை வைத்தால், படித்தவர் சுவிட்சைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விடுவார்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகளைத் திணிக்கிறோம். வருகைப் பதிவுக் கருவி, கேமராப் பெட்டி, ரவுட்டர் எல்லாம் ராத்திரியும் விழித்திருக்கத்தான் வேண்டும். அவற்றின் வேலையே அதுதான். ஏசி ஸ்டெபிலைசர் அப்படியல்ல. சாயங்காலம் ரிமோட்டை அழுத்தி ஏசியை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறோம். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசரை அது நிறுத்துவதில்லை; உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். காலையில் முதல் ஆளாக வந்து அந்தப் பெட்டிமேல் புறங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய முனகலும் கேட்கும். அந்தச் சூடு முழுக்க நம் பில்லில் ஏறுகிறது. தண்ணீர் டிஸ்பென்சர் இன்னும் மோசம். வெந்நீர்ச் சுவிட்சு பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும், அதைத் தேடி அணைப்பவர் யாரும் கிடையாது. ஆற ஆற விடியும்வரை தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும். கூட்டம் முடிந்த அறையில் ஆளில்லாமல் ஓடும் ஏசியோ ஸ்டாண்ட்பையே அல்ல, முழு ஓட்டம். நாம் ஒட்டும் தாள் இந்தக் கடைசி இரண்டு வகையையும் குறிவைக்க வேண்டும். முதல் வகையை யாராவது தெரியாமல் பிடுங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

> ஆங்கிலத்தில் ரத்தம் குடிக்கும் பேயை வைத்துச் சொல்கிறார்கள். ‘காட்டேரிச் சுமை’ மனத்தில் நிற்குமே?

நிற்கும். ஆனால் காட்டேரியம்மன் இங்கே பல குடும்பங்கள் கும்பிடும் தெய்வம். பூசை போட்டுவிட்டு வேலைக்கு வருபவரிடம் ‘காட்டேரியை அணைத்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

> ‘மின்கசிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, அதுதான் தொந்தரவு. ‘மின்கசிவால் தீ விபத்து’ என்று நாளிதழ்கள் எழுதியெழுதி அது ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பெயராகிவிட்டது. மின்பொறியாளரைக் கேட்டால், கம்பியின் காப்பு உறை (இன்சுலேஷன்) கெட்டுத் தரைக்கு இறங்கும் மின்னோட்டம் என்பார். மூன்றாவதாக நாமும் ஒரு பொருளைச் சேர்க்க வேண்டாம். ‘மின்தடை’ பட்ட பாடு போதாதா? பாடப்புத்தகத்தில் அது ரெசிஸ்டன்ஸ், செய்தியில் கரண்ட் கட். ‘மின்னிழப்பு’ம் ஆகாது, கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் வீணாவதற்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாயிற்று.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதையும் மறக்கக் கூடாது. ‘பவர்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திறன்’ என்று வருவது இலங்கையில் ‘வலு’. ஆகவே எதைச் சேர்த்தாலும் பாதிப் பேருக்கு உறுத்தும். இரண்டும் இல்லாத சொல்லாகப் பார்ப்போம்.

சரி, என் முன்மொழிவு. ஆளில்லாத அறையைக் காட்டி எலக்ட்ரீஷியனோ துப்புரவு அம்மாவோ என்ன சொல்கிறார்கள்? ‘ஃபேன் சும்மா ஓடுது’, ‘ஏசி வெட்டியா ஓடுது’. ‘ஓட்டம்’ நமக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. ‘வெட்டியோட்டம்’ எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் அலுவலகத் தாளில் அச்சாகும்போது யாரையோ திட்டுவதுபோல் இருக்கிறது. அதனால் வெறு + ஓட்டம், வெற்றோட்டம். வெற்றிடம் என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் புணர்ச்சியும் புதிதாகத் தோன்றாது. ஸ்டெபிலைசர், வெந்நீர்த் தொட்டி, காலி அறை ஏசி மூன்றுக்கும் பொருந்தும். அவசரத்தில் படித்தால் ‘வெற்றியோட்டம்’ என்று தெரிகிறது, மின்வாரியத்துக்கு வெற்றியா என்று ஒரு தம்பி தனிமடலில் கிண்டல் செய்திருந்தார். செய்யட்டும்.

‘காத்திருப்பு மின்சாரம்’ என்பதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கருவி செய்பவருக்கான விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. பன்னாட்டு எரிசக்தி முகமை 1999இல் ‘ஒரு வாட்’ இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் சாதாரணக் காத்திருப்புக்கு 1 வாட் என்று வரம்பு வைத்து, 2013இல் அதை அரை வாட்டாகக் குறைத்தது. ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட் ஆகிவிடும், அதனால்தான் அவ்வளவு கெடுபிடி. அங்கெல்லாம் பேசப்படுவது வேண்டுமென்றே விழித்திருக்கும் கருவி. அதற்குக் காத்திருப்பு சரியான சொல்தான்.

மூன்றாவதாக, அளப்பதற்கு ஒரு சொல் வேண்டும். அலுவலகத்தைப் பூட்டிய பிறகு மீட்டரில் ஓடுவது மொத்தமும் ஆளில்லாச் சுமை. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டர் முகப்பில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும், யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருக்கிறது, பூட்டிய பின் மூன்று நொடிக்கு ஒரு முறை மினுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 1200 மினுக்கு; அதை 3200ஆல் வகுத்தால் மணிக்கு 0.375 யூனிட், அதாவது 375 வாட். (சி.டி., அதாவது மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர், வைத்த பெரிய இணைப்பானால், வரும் விடையை அதற்கான பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும்.) வாரத்தில் ஆறு நாள், தினம் பத்து மணி நேரம் இயங்கும் அலுவலகம் 60 மணி நேரம் திறந்திருக்கிறது, 108 மணி நேரம் பூட்டியிருக்கிறது. அந்த 108 மணியில் 40 யூனிட்டுக்கு மேல் போய்விடும். இதில் காத்திருப்பைக் கழித்தால் மிச்சம் வெற்றோட்டம். தாளில் இந்தக் கணக்கையும் சொற்களுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்பேன். எண்ணைப் பார்த்தால்தான் மேலாளர் கையெழுத்துப் போடுவார்.

> ஆளில்லாச் சுமையா? அப்புறம் வாட்ச்மேன் ஆள் இல்லையா?

நியாயமான கேள்வி. அவருடைய ஃபேனையும் லைட்டையும் காத்திருப்புக் கணக்கில் சேர்த்துக் கழித்துவிடலாம், சொல்லை மாற்ற வேண்டியதில்லை. வெற்றோட்டத்துக்கு மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லையும் கையோடு கொண்டுவாருங்கள்.