சோலார் பம்ப் மானியம்: தண்ணீர் வருவதற்கு முன்பே வாங்கிய கையெழுத்து

கிணற்றுமேடு:
விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்ப் கொடுக்கும் பிஎம் குசும் திட்டம் பற்றி இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும், விரிவாக விளக்கவில்லை. 2023-ல் 5 எச்.பி. நீர்மூழ்கிப் பம்புக்கு விண்ணப்பித்தேன். மத்திய அரசு 30, மாநில அரசு 30, மீதி 40 சதவீதம் என் பங்கு. பணம் கட்டினேன், ஆணை வந்தது, 15 பேனலும் ஏறியது. அதுவரை குறையே இல்லை.

பொருத்த வந்தவர்கள் வேலையை முடித்தபோது சாயங்காலம், வானம் மூடிக் கிடந்தது. "வெயில் இல்லாததால் தண்ணீர் வரவில்லை, காலையில் கொட்டும்" என்றார்கள். பேனல் முன்னால் என்னை நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். பணி நிறைவுப் படிவத்தை வண்டி சீட்டின் மேல் வைத்து நீட்டினார்கள். 'பம்ப் இயக்கிக் காட்டப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி, நல்ல வெயில். கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடும் அதிர்வு பைப்பில் தெரிகிறது. தண்ணீர் மட்டும் இல்லை. அப்பா பைப் வாயில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார். "காத்து வருதுடா, பின்னாலயே தண்ணி வரும்" என்றார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். என்னால் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து வேறு ஆளை வைத்து மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால் பிளேட்டில் 50 மீட்டர் ஹெட். பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரத்தைத்தான் ஹெட் என்கிறார்கள். என் போர்வெல்லில் தண்ணீர் நிற்பது 240 அடியில். அதாவது 73 மீட்டர். எப்படி ஏறும்? புகார் கொடுக்கப் போன இடத்தில் அதிகாரி ஒன்றுதான் கேட்டார்: "அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?" பம்பை மாற்றிக் கொடுக்க ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் மிளகாய் நாற்று முழுக்கப் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

தென்னந்தோப்பு:
வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது சரியில்லை. ஆழத்தை நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். 5 எச்.பி.யிலேயே 50, 70, 100 மீட்டர் என்று தனித்தனி ஹெட் உண்டு. எனக்கு 70 மீட்டர் போட்டார்கள், இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

புதிதாகப் போடுபவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்குமோ அதை வைத்து ஹெட் கேளுங்கள், மழைக்கால மட்டத்தை வைத்து அல்ல. ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்ந்தது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கன்ட்ரோலரில் சிம் போட்ட கண்காணிப்புக் கருவி இருக்கும், அது வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பேனலை விடியற்காலையில் கழுவுங்கள், உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரே ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க மின்சாரம் குறையும். எனக்கு இரண்டு மரத்தை வெட்ட மனம் வராமல் பேனலைத் தள்ளி வைத்தேன். முடிந்தால் யூனிவர்சல் கன்ட்ரோலர் கேளுங்கள். பம்ப் வருடத்தில் ஏறக்குறைய 150 நாள்தான் ஓடுகிறது, மற்ற நாளில் அதே பேனலில் தீவனம் வெட்டும் இயந்திரம் ஓட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

மரச்செக்கு:
நான் விவசாயி இல்லை, கிராமத்தில் செக்கு வைத்திருக்கிறேன். கூரையில் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று ஒருவர் வந்தார். வீடுகளுக்கான பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் தொகை அது. செக்குக்கும் உண்டு என்று அடித்துச் சொன்னார். முன்பணம் கொடுத்தேன்.

மின்வாரிய அலுவலகத்தில் என் வெள்ளை அட்டையை வாங்கிய அம்மா எதுவும் பேசவில்லை. டாரிஃப் என்ற இடத்தில் விரலை வைத்து அட்டையை என் பக்கம் திருப்பினார். 3 பி, தொழிற்சாலை. "இது வீட்டுக்கு மட்டும்தான் சார்." பின்னால் வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். முன்பணம் வாங்கியவர் அதற்குப் பிறகு போன் எடுக்கவே இல்லை.

கடைசியில் வங்கிக் கடனில் மானியமே இல்லாமல் போட்டேன். கணக்கு பார்க்கும் ஆடிட்டர்தான் வருமான வரிக் கணக்கில் சோலாருக்கு 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்று சொன்னார். அது கொஞ்சம் தாங்கியது. செக்கு, மாவு மில் மாதிரிச் சின்னத் தொழில்களும் பகலில்தான் ஓடுகின்றன, நேரடி மானியம் இவற்றுக்குத்தான் முதலில் வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களில் யாராவது அப்படி வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.

மேட்டாங்காடு:
தென்னந்தோப்பு அண்ணா, எல்லோருக்கும் உங்கள் மாதிரி அமைவதில்லை. என் மாமியார் இலவச மின்சாரத்துக்குப் பதிந்து 14 வருடம் காத்திருந்தார். சோலார் பம்ப் வந்தபோது அந்த விண்ணப்பத்தை விட்டுக்கொடுக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதி வைத்திருந்த மாதிரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் காப்பி செய்தார். 'முழு சம்மதத்துடன்' என்ற இடத்தில் நின்று, "இதையும் எழுதணுமா?" என்று என்னைக் கேட்டார். எழுதுங்கள் அத்தை என்றேன். பகலில் பம்ப் நன்றாகவே ஓடுகிறது. ராத்திரி பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் சத்தம் கேட்டால் மட்டும் அவர் தூங்காமல் புரள்வது எனக்குத் தெரியும்.

கிணற்றுமேடு:
தென்னந்தோப்பு, ஆழத்தை நான் சொல்லாமல் விட்டதாக நினைக்கிறீர்கள். விண்ணப்பத்தில் '240 அடி' என்று என் கையாலேயே எழுதினேன். அதிகாரி வந்து போரில் கயிறு விட்டுப் பார்த்து அதே எண்ணைக் குறித்துக்கொண்டும் போனார். இரண்டு நகலும் பீரோவில் இருக்கின்றன. மாற்று பம்ப் பொருத்த வந்த நாளில், தண்ணீர் கொட்டி அப்பாவின் கை நனைந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். வந்தவர்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள்.

மரச்செக்கு, மானியம் பற்றி எனக்குத் தெரியவில்லை. முன்பணம் கொடுத்ததற்கு ரசீது இருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள், விடாதீர்கள்.