இரட்டை பேட்டரிப் படகு: சார்ஜ் போடுமுன் சுவிட்சைப் பாருங்கள்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மோட்டாரை ஸ்டார்ட் செய்ய ஒன்று, விளக்குக்கும் மற்றதுக்கும் ஒன்று என 12 வோல்ட் பேட்டரி இரண்டு வைத்திருக்கும் தம்பி, ஒரே சார்ஜரில் இரண்டையும் சேர்த்து ஏற்றலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. அப்படிச் செய்து ஒரு பேட்டரியைப் பறிகொடுத்தவன் நான்.

எந்த பேட்டரியை இணைப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், அன்று இரண்டையும் சேர்த்து இணைக்கும் 'இரண்டும்' என்ற இடத்தில் நின்றதைக் கவனிக்காமல், கிளிப்பை மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. பழைய பேட்டரி பக்கவாட்டில் உப்பி, கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. உள்ளே தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல், அதாவது ஆறு தனி அறைகள் உண்டு. அதில் ஒன்று ஏற்கெனவே செத்திருந்தது. அதனால் வோல்ட் ஏறவே இல்லை. இன்னும் நிறையவில்லை என்று எண்ணி சார்ஜர் விடாமல் ஏற்ற, மீதி ஐந்து செல்லும் கொதித்துவிட்டன. பக்கத்தில் இருந்த நல்ல பேட்டரியும் தன் சக்தியை அதற்குள் கொட்டியிருக்கிறது.

கொதிக்கும் பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே, பற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொறி போதும். அந்த நேரத்தில் பதறிப்போய் கிளிப்பைப் பிடுங்காதீர்கள், பொறி அங்கேதான் பறக்கும். முதலில் சார்ஜருக்கு வரும் கரண்டை நிறுத்துங்கள். நன்றாகக் காற்றாட விட்டு, ஆறிய பிறகு தொடுங்கள்.

இரண்டு பேட்டரிக்கும் தனித்தனி வெளியீடு உள்ள சார்ஜர் வாங்கிவிடுவதே நல்லது. அது இல்லையென்றால் சுவிட்சை 'ஆஃப்' செய்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சாதாரண ஈய பேட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர்-அவர் என்றால், 10 ஆம்பியரில் ஏற்றினால் போதும், அவசரம் வேண்டாம். ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய பேட்டரி), லித்தியம் என்றால் சார்ஜரிலும் அதே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண ஈய பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை, சார்ஜ் ஏற்றி முடித்த பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே கொஞ்சம் விடலாம்.

இன்னொன்று. மோட்டார் ஓடும்போது சுவிட்சை 'ஆஃப்' பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். போக இடமில்லாத மின்சாரம், மோட்டார் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகங்கள்) சுட்டுவிடும்.

தம்பி, ஏற்றி முடித்து, கழற்றி ஒரு இரவு சும்மா வைத்துவிட்டு இரண்டையும் அளந்து பாருங்கள். நல்ல ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். உங்களுடையது எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள்.