லிபரேட்டர் 1:10 பால்சா மாடல்: தரையை விட்டதும் இடது இறக்கை விழுது, யாராவது வழி சொல்லுங்க

எல்லைப்பறவை (மீனாட்சிபுரம்)

வணக்கங்க. பி-24 லிபரேட்டர்னு பழைய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், அதோட ரிமோட் மாடல், பத்தில் ஒரு பங்கு அளவு. உடம்பு, இறக்கை, வால் எல்லாமே பால்சாங்கற லேசான மரம். இறக்கை முனைக்கு முனை 3.35 மீட்டர், எடை பேட்டரியோட 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நாலு பிரஷ்லெஸ் மோட்டார். நம்ம விமானப்படை 1968 வரைக்கும் ஓட்டின விமானம் இது. உலகப் போர் முடிஞ்சப்ப பிரிட்டிஷ்காரங்க கான்பூர்ல வேணும்னே சிதைச்சுப் போட்டுட்டுப் போனதை பெங்களூரு எச்.ஏ.எல். தட்டிக்கொட்டி மறுபடி பறக்க வெச்சாங்க. அதனால அமெரிக்கப் பச்சை வேண்டாம், வெள்ளி உடம்பு, மூவர்ண வட்டம்னு முடிவு.

இப்ப பிரச்சினை. கோபாலபுரம் ரோட்டுக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவுல ஒரு தரிசு இருக்கு, நல்ல நீளம். விடியக்காலம், காத்தே இல்ல. முக்கால் திராட்டில்ல ஓட்டினேன், வால் ஆடல, நேரா ஓடுச்சு. மூக்கைத் தூக்கற எலிவேட்டரை மெல்ல இழுத்ததும் தரையை விட்டுது. ஆள் உயரம் கூட இருக்காது, சட்டுனு இடது இறக்கை விழுந்துருச்சு. வலது பக்கம் முழுசா ஏலரான் (சாய்வைத் திருத்தற இறக்கை மடிப்பு) குடுத்தேன். நிமிரல, இன்னும் வேகமா விழுந்துது. முன் சக்கரம் மடங்கிப்போச்சு, இடது முனை கொஞ்சம் நசுங்கிருக்கு, வேற சேதம் இல்ல.

சி.ஜி. (எடை மையம்) இறக்கையோட சராசரி அகலத்துல 27 சதவீதத்துல இருக்கு, ரெண்டு தடவ பாத்தாச்சு. மோட்டார் நாலும் ஒரே மாதிரி. என்னவா இருக்கும்?

பொள்ளாச்சி_ஹேங்கர்

அண்ணா, நாலு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுத்துதுங்களா? அப்ப அது சுத்தறதோட எதிர்த்திருகல், டார்க், இடது பக்கம் தள்ளும். மோட்டாரை ரெண்டு டிகிரி வலது பக்கம் திருப்பி வைங்க. இல்லாட்டி ஏலரான் டிரிம்ல (ஸ்டிக்கைத் தொடாமலே நிக்கற திருத்தம்) நாலு கிளிக் வலது பக்கம் போட்டுட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க, பறக்க ஆரம்பிச்சா சரியாயிரும்.

கஞ்சிக்கோட்டுக்_காத்து

வால் கனமா இருக்கும். நாலு எஞ்சின் மாடல் எல்லாத்துலயும் இதேதான். மூக்குல 200 கிராம் ஈயம் போடு தம்பி.

வாளையாறு_வாத்தியார்

மறுபடி ஓட்டிப் பாக்காதீங்க. டிரிம் போட்டும் ஓட்டாதீங்க. முதல்ல ஒரே ஒரு கேள்வி: இடது பக்கம் விழறதுக்கு முன்னாடி, தரையை விட்ட அந்தக் கணத்துல, வலது பக்கம் கொஞ்சமாவது சாஞ்சுதா? யாராவது வீடியோ எடுத்திருந்தா மெதுவா ஓட்டிப் பாருங்க.

எல்லைப்பறவை

மச்சான் போன்ல எடுத்திருந்தான். பாத்தேன். சார், நீங்க சொன்னது சரிதான். சக்கரம் தரையை விட்டதும் வலது பக்கம் லேசா சாயுது. அப்புறம்தான் நான் இன்னும் இழுக்கறேன், இடது விழுது. கையில ஸ்டிக் இருந்தப்ப இது எனக்குத் தெரியவே இல்ல. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?

வாளையாறு_வாத்தியார்

டார்க்கோ வால் கனமோ இருந்தா முதல்ல வலது பக்கம் சாய வேலையில்ல. முதல்ல வலது, அப்புறம் திடீர்னு இடது. இப்படி ரெண்டும் சேர்ந்து வந்தா நான் சந்தேகப்படறது ஒண்ணுதான்: இடது இறக்கையோட முனை முறுக்கிக்கிட்டு மேல் நோக்கி நிக்குது.

முனை மேல் நோக்கி முறுக்கினா அந்தப் பக்கம் லிஃப்ட், அதாவது தூக்கற விசை, அதிகம். அதனால வேகம் இருக்கறப்ப விமானம் எதிர்ப்பக்கம் சாயும், அதுதான் உங்க வலது சாய்வு. எலிவேட்டரை இழுத்து மூக்கைத் தூக்கினா, ஏற்கெனவே அதிகக் கோணத்துல நிக்கற முனைதான் முதல்ல ஸ்டால் ஆகும், அதாவது காத்து இறக்கையை விட்டுப் பிரியும். லிஃப்ட் அங்க அறுந்துபோகும், அந்த இறக்கை விழும். நீங்க வலது ஏலரான் குடுத்தப்ப இடது ஏலரான் கீழ இறங்கும், அது அந்த முனையோட கோணத்தை இன்னும் ஏத்தும். அதனாலதான் நிமிராம வேகமா விழுந்துது. அந்த நேரத்துல கைக்கு வர வேண்டியது வால்ல இருக்கற ரட்டர்.

லிபரேட்டர்ல இது இன்னும் கொடுமை. இறக்கை ஒல்லி, நீளம். நிஜ விமானத்துல 110 அடி நீளத்துக்கு உடம்போரம் 14 அடி அகலம், முனையில அஞ்சு அடிக்குக் கொஞ்சம் மேல. உங்க அளவுல உடம்போரம் 43 சென்டிமீட்டர் இருந்தா முனை 16 சென்டிமீட்டர்தான். அவ்வளவு சின்ன அகலத்துல, நீங்க ஓட்டற வேகத்துல, காத்து இறக்கையோட ஒட்டி ஓட மாட்டேங்குது, சீக்கிரம் பிரிஞ்சிரும். அதனாலதான் முனையை வேணும்னே ரெண்டு டிகிரி கீழ் நோக்கி முறுக்கி வைக்கறது, வாஷ்-அவுட்னு சொல்றது. உங்களுக்கு வலது பக்கம் அது இருக்கும், இடது பக்கம் தலைகீழா இருக்கும்னு நினைக்கறேன். அளந்து சொல்லுங்க.

இன்னொண்ணு. 11 கிலோ, ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இறக்கைப் பரப்பு. ஸ்டால் வேகம் மணிக்கு 45-ல இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள வரும். ஆள் உயரத்துல அந்த வேகத்தை ஒட்டித்தான் இருந்திருப்பீங்க.

பொள்ளாச்சி_ஹேங்கர்

சார், அப்ப டிரிம்ல சரி பண்ண முடியாதுங்களா?

வாளையாறு_வாத்தியார்

ஒரே ஒரு வேகத்துல முடியும். நேரா பறக்கற மாதிரி டிரிம் போட்டு வெச்சிருப்பீங்க, இறங்க வர்றப்ப வேகம் குறையும், அப்ப அதே முனை அதே மாதிரி விழும். அதுவும் வேலியோரமா.

எல்லைப்பறவை

எப்படி அளக்கறதுங்க? இறக்கைக் கோணம் அளக்கற இன்சிடென்ஸ் மீட்டர் இல்ல.

மரவேலை_கொழிஞ்சாம்பாறை

தம்பி, மீட்டர் எதுக்கு. நேரான ரீப்பர் துண்டு ஒண்ணு எடுத்து அதுல வெட்டு போட்டு, லீடிங் எட்ஜும் (முன் விளிம்பு) டிரெயிலிங் எட்ஜும் (பின் விளிம்பு) உக்கார்ற மாதிரி ஒரு கவ்வி பண்ணிக்க. அது மேல போனை வெச்சு கோணம் காட்டற ஆப்ல பாரு. இறக்கையைக் கடப்பாக்கல்லு மேல அசையாம வெச்சு, உடம்போரம், நடு, முனை மூணு இடத்துல அள. போனைத் திருப்பி வெச்சு இன்னொரு தடவ அள, போன் பொய் சொல்லுதான்னு தெரிஞ்சிரும். கல்லு மட்டமா இருக்கணும்னுகூட இல்ல, வித்தியாசந்தான் முக்கியம்.

எல்லைப்பறவை

அளந்தாச்சு. வலது: உடம்போரம் 3, நடு 2, முனை 1 டிகிரி. இடது: உடம்போரம் 3, நடு 3.3, முனை 4. ரெண்டு முனைக்கும் நடுவுல 3 டிகிரி வித்தியாசம். கண்ணால பாத்தா சத்தியமா தெரியல.

ரெண்டு பக்கமும் ஒரே பிளான், ஒரே லேசர் கட் ரிப் (இறக்கையோட குறுக்கு எலும்பு). வித்தியாசம் என்னன்னா, இடது பக்கம் ஆடி மாசத்துல செஞ்சது, வலது பக்கம் தை மாசத்துல. இடது பக்கத்துக்குக் கீழ் ஷீட்டிங் (மூடற பால்சாத் தகடு) ஒட்டறப்ப, பலகையில மட்டமா நிக்க ரிப்புல விட்டிருந்த தாங்குகாலை வெட்டிட்டு, இறக்கையைத் திருப்பிப் போட்டு ரப்பர் பேண்ட்ல கட்டி ஒட்டினேன். வலது பக்கம் கடைசி வரைக்கும் பலகையில ஊசி குத்தி வெச்சே ஒட்டினேன். இது சம்பந்தம் இருக்குமா?

மரவேலை_கொழிஞ்சாம்பாறை

முழுக்க அதேதான். மேல் ஷீட்டிங், கீழ் ஷீட்டிங், முன்னாடி லீடிங் எட்ஜ், பின்னாடி ஸ்பாரோட (இறக்கையோட நீள முதுகெலும்பு) வெப் பலகை. நாலும் மூடினா அது ஒரு குழாய். மூடாத வரைக்கும் கையாலயே முறுக்கலாம். மூடின அந்த நிமிஷம் எந்தக் கோணத்துல இருந்துதோ அந்தக் கோணத்துலயே கல்லு மாதிரி நின்னுரும். பலகையை விட்டு எடுத்து ரப்பர் பேண்ட்ல கட்டினப்ப எப்படி நின்னுதோ, அதைத்தான் பூட்டி வெச்சிருக்க.

ஆடி மாசம் நம்ம பக்கம் பாலக்காட்டு வாசல் வழியா ஈரக்காத்து அடிச்சுத் தள்ளும். பால்சா ஈரம் குடிக்கற மரம். தை, மாசியில கிழக்குக்காத்து வந்தா உதடே வெடிக்கும், மரம் சும்மா இருக்குமா? ஒட்டினதுக்கு அப்புறம் ஷீட்டு சுருங்கிருக்கும். அதுலயும் எந்த வெட்டு ஷீட்டு போட்டங்கறது இருக்கு. வளைய வளையக் குடுக்கற ஷீட்டு அகலத்துல அதிகம் சுருங்கும். மினுமினுன்னு புள்ளி தெரியற விறைப்பு ஷீட்டு கம்மியாச் சுருங்கும். மேல ஒண்ணும் கீழ ஒண்ணும் போட்டா இழுபறிதான். ரப்பர் பேண்டு எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது, வைத்தியத்துக்கு அது வேணுங்கறதும் இல்ல.

மேல கண்ணாடித் துணி (ஃபைபர் கிளாஸ்) போட்டாச்சா?

எல்லைப்பறவை

இல்லங்ணா. ஷீட்டிங் வெறும் மரமாத்தான் இருக்கு. ஸ்பாருக்குப் பின்னாடி மட்டும் ஃபிலிம் இழுத்து ஒட்டியிருக்கேன். ஆவியில காட்டி முறுக்கினா வருமா?

மரவேலை_கொழிஞ்சாம்பாறை

ஃபிலிம் மட்டும் போட்ட திறந்த இறக்கைன்னா சூடு காட்டி முறுக்கலாம். மூடின குழாய் ஆவிக்கு அசையாது. ஒட்டு விட்டுப்போறதுதான் மிச்சம். அறுக்கணும்.

பயப்படாதே. இப்படிச் செய். ரெண்டு இறக்கையையும் கொஞ்ச நாள் ஒரே அறையில போட்டு வை, மரம் ரெண்டும் ஒரே ஈரத்துக்கு வரட்டும். பின்னாடி இருக்கற ஃபிலிமை உரிச்சிரு, இல்லாட்டி அது வேற பக்கம் இழுக்கும். அப்புறம் இறக்கையைத் தலைகீழாப் போட்டு, கீழ் ஷீட்டு ஸ்பார் மேல உக்கார்ற இடத்துல, வெளி எஞ்சின் கூட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து முனை வரைக்கும் புது பிளேடால ஒரே கோடா அறு. ஸ்பாரை மட்டும் தொட்டுராதே. எஞ்சின் கூட்டுக்கு உள்பக்கம் அறுக்காதே, அங்க முறுக்கும் கம்மி, லேண்டிங் கியர் இழுவையும் அங்கதான். அறுத்ததும் முனையைப் புடிச்சுத் திருகிப் பாரு, துணி மாதிரி வரும்.

நிமித்திப் பலகையில வெச்சு, முனையில டிரெயிலிங் எட்ஜுக்கு அடியில கட்டை குடு. 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு ரெண்டு டிகிரின்னா அஞ்சரை மில்லிமீட்டர் வரும். விட்டா கொஞ்சம் திரும்பி வரும், அதனால ஏழு வெச்சுக்க. அறுத்த கோட்டுக்கு உள்பக்கம் பத்து மில்லி அகலத்துல ஒரு பால்சா பட்டி விட்டு, மெதுவா இறுகற எபாக்ஸியில ஒட்டு. ஃபெவிக்விக் வேண்டாம், சரிபாக்கறதுக்குள்ள இறுகிரும். ஃபெவிகாலும் வேண்டாம், அதுல தண்ணி. மணல் பை வெச்சு அழுத்தி, அளந்து, மறுநாள் வரைக்கும் தொடாதே.

வாளையாறு_வாத்தியார்

அண்ணன் சொன்னதுல மாத்த ஒண்ணும் இல்ல. மரமும் பசையும் நம்ம ஊர்க் காத்தும்னு பேச்சு வந்ததால ஒண்ணு சொல்றேன். மாஸ்கிட்டோன்னு பிரிட்டிஷ்காரங்க குண்டுவீச்சு விமானம், ரெண்டு பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவுல ஈக்வடார் பால்சாவை வெச்சு ஒட்டின உடம்பு. 1944 கடைசியில இந்தியாவுல இருந்த சில மாஸ்கிட்டோ வானத்துலயே இறக்கை பிரிஞ்சு விழுந்து, எல்லாத்தையும் தரையில நிறுத்தி வெச்சாங்க. வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிச்சதால ஒட்டு விட்டுதா, தொழிற்சாலையில ஒட்டினதே சரியில்லையான்னு அப்ப பெரிய வாக்குவாதம். பின்னால நடந்த விசாரணை தொழிற்சாலையில ஒட்டினதுலதான் கோளாறுன்னு சொல்லுச்சு.

கஞ்சிக்கோட்டுக்_காத்து

அப்ப பால்சா வேண்டாம்னு நம்ம ஊர் மரத்துல செஞ்சா என்ன? பால்சா நம்ம இலவம் பஞ்சு மரத்தோட ஒறவுன்னு சொல்றாங்களே.

மரவேலை_கொழிஞ்சாம்பாறை

ஒறவுதான், ஆனா கனத்துல வேற. 36-க்கு 4 இஞ்சு, 3/32 கனம் ஷீட்டு நல்ல பால்சான்னா 28 கிராம் இருக்கும். அதே அளவுல கடைக்காரர் கையில கிடைச்சதைக் குடுத்தா 42 கிராமும் வரும். பால்சாவுக்குள்ளயே இந்த வித்தியாசம். இலவு இன்னும் கனம். தராசை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போ, சிரிச்சாச் சிரிக்கட்டும். வாலுக்கு லேசான ஷீட்டா பொறுக்கி வெச்சா மூக்குல ஈயமே குறையும்.

பொள்ளாச்சி_ஹேங்கர்

கேரளா எல்லை தாண்டி ஓட்டினா தனி அனுமதி வேணுமாங்ணா? 11 கிலோவாச்சே.

வாளையாறு_வாத்தியார்

மாநில எல்லைக்கு வேற சட்டம் கிடையாது. 2021 ட்ரோன் விதிகள்ல 25 கிலோவுக்குள்ள, பொழுதுபோக்குக்கு, கண்ணுக்கெட்டற தூரத்துல ஓட்டற மாடலுக்கு வகைச் சான்றிதழ் கேக்கறதில்ல. ஆனா எந்த இடத்துல ஓட்டறோம்ங்கறது முக்கியம். அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலமான்னு பாத்துட்டுப் போங்க. சூலூர் விமானப்படைத் தளம் ரொம்பத் தூரத்துல இல்ல.

எல்லைப்பறவை

அறுத்து ஒட்டியாச்சு. அறுத்ததும் முனை தானாவே ஒரு டிகிரி இறங்குச்சு, யாரும் தொடல! இடது இப்ப 3, 2.1, 1.1. வலது பக்கத்தோட பத்துல ஒரு டிகிரி வித்தியாசம். பட்டி, பசை எல்லாம் சேர்ந்து எடை ஏறினது 20 கிராம் கூட இல்ல. முன் சக்கரக் கம்பியை ஒரு சைஸ் தடிமனா மாத்தியிருக்கேன்.

இன்னைக்கு விடிகாலையில ஓட்டினேன். வாத்தியார் சொன்ன ஸ்டால் வேகம் ஞாபகம் இருந்துது, அதனால முழு திராட்டில், தரையில வேகம் நல்லா ஏறின பிறகு மெல்ல இழுத்தேன். நேரா போச்சு. உயரத்துல திராட்டிலைக் குறைச்சு, மூக்கைத் தூக்கித் தூக்கி ஸ்டால் பண்ணிப் பாத்தேன். மூக்கு கீழ விழுது, இறக்கை ரெண்டும் சமமா இருக்கு. ஏலரான் டிரிம் ஒரே ஒரு கிளிக்.

இப்ப கண்ணாடித் துணி போடலாமா, இல்ல வைகாசி வரைக்கும் பொறுக்கணுமா?

மரவேலை_கொழிஞ்சாம்பாறை

வைகாசின்னா மழை வாசல்ல நிக்கும். இப்பவே போடு, காத்து காஞ்சு கிடக்கறப்பவே. ரெண்டு இறக்கையும் ஒரே நாள்ல, மேல கீழ ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் எபாக்ஸி பூசிட்டுத் தூங்கப் போயிராதே, அந்தப் பக்கம் இழுக்கும். காயறப்பவும் பலகையில கட்டை குடுத்தே வை, கவ்வியும் போனும் பக்கத்துலயே இருக்கட்டும்.